புகைக்கு எட்டாத தொட்டிகள்

ஆசிரியருக்கு,

கொசு ஒழிப்பு குறித்து வெளிவந்த கட்டுரை புகையடிப்பதையே முதன்மையான வழியாகக் காட்டியிருப்பது ஏற்கத்தக்கதன்று. புகை பறக்கும் கொசுவைக் கொல்லுமேயன்றி நீரில் வளரும் புழுவைத் தொடாது. பறவை மலேரியாவின் ஒட்டுண்ணி, அதாவது பிற உயிரின் உடலில் தங்கி அதைக் கொண்டே பிழைக்கும் நுண்ணுயிர், கொசுவின் வயிற்றில் வளர்ந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, கடியின் வழியே அடுத்த பறவைக்குள் புகுவதை ரொனால்ட் ராஸ் 1898இல் மெய்ப்பித்தது கொல்கத்தாவில்தான். அவரது ஆய்வகம் அமைந்திருந்த மருத்துவமனை இன்று எஸ்.எஸ்.கே.எம். எனப்படுகிறது. கொசுவின் பங்கு மெய்ப்பிக்கப்பட்ட அந்நகரத்திலேயே புகையை முதன்மைப்படுத்துவது வியப்புக்குரியது.

நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சியும் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தியும் சாக்கடையைவிட வீட்டுத் தொட்டிகளின் தெளிந்த நீரையே பெரிதும் நாடுகின்றன. இக்கடிதம் எழுதுபவர் வசிக்கும் லேக் மார்க்கெட் வட்டாரத்துப் பழைய வீடுகளில், ‘சௌபாச்சா’ எனப்படும் குளியலறை நீர்த்தொட்டிகள் பல மூடியின்றியே கிடக்க, புகையடிப்போர் தெருவோடு போய்விடுகின்றனர். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆவதாலும், ஏடிஸின் முட்டைகள் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு வறட்சியையும் தாங்குவதாலும், வாரம் ஒருமுறை தொட்டியை வற்றவைத்துத் தேய்த்துக் கழுவுவதற்கென மாநகராட்சி வார்டுதோறும் ஒரு நாளைக் குறித்து, மழைக்காலத்துக்கு முன்பே அறிவிக்கலாம்.

– ஒரு வாசகர், கொல்கத்தா