சேத்ரி ஐரோப்பாவில் ஏன் நிலைக்கவில்லை? "உடம்பு வாகு" என்பவர்களுக்கு ஒரு த்ரெட்

1/ போன வாரம் ஓபி-க்கு அச்சன்புதூர்ல இருந்து ஒருத்தர் தன் 14 வயசுப் பையனைக் கூட்டிட்டு வந்தார். பையன் ஃபுட்பால் ஆடுறவன். முட்டிக்குக் கீழ வலி, லேசா வீக்கம். அப்பா மருந்து கேட்கல. "இனிமே ஆடக் கூடாதுன்னு நீங்களே சொல்லிருங்க சார். சேத்ரியாலயே ஐரோப்பாவுல நிக்க முடியல. நம்ம உடம்பு வாகு அதுக்கு ஒத்து வராது"ன்னார்.

2/ இதைப் படிச்சவங்களும் சொல்றாங்க. அதனால விரிவா எழுதுறேன்.

3/ சுனில் சேத்ரி இந்தியாவுக்காக 90 கோலுக்கு மேல் அடித்தவர். 2012-ல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் கிளப் அவரை எடுத்தது. ஆனால் பி அணியில்தான் இடம் கிடைத்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்டங்கள், ஒரு கோல்கூட இல்லை. 2013-லேயே கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸில் ஆடத் திரும்பிவிட்டார். அந்த மட்டத்துக்கு அவர் போதலதான், மறைக்க வேண்டாம். ஏன் போதலைங்கிறதுதான் கேள்வி.

4/ உயரமா? சேத்ரியும் மெஸ்ஸியும் சுமார் 170 செ.மீ. தான். மெஸ்ஸிக்குச் சின்ன வயசுல வளர்ச்சி ஹார்மோன் குறைபாடே இருந்தது. உடம்பு வாகுதான் முக்கியம்னா முதல்ல வெளிய போயிருக்க வேண்டியவர் அவர். பார்சிலோனா 13 வயசுப் பையனைச் சேர்த்து, வைத்தியச் செலவையும் ஏத்துக்கிச்சு.

5/ இப்ப வயசைப் பாருங்க. சேத்ரி ஸ்போர்ட்டிங் போனப்ப 28. அதே பி அணியில இருந்த எரிக் டையருக்கு 18, ஜுவாவ் மரியோவுக்கு 19. ரெண்டு பேரும் சின்ன வயசுலேயே அந்த கிளப் அகாடமிக்கு வந்தவங்க. சேத்ரி மோகன் பகானில் சேர்ந்ததே 2002-ல், 18 வயசை நெருங்கும்போது.

6/ ஆட்டங்களையும் எண்ணுங்க. 2011-12 ஐ-லீக்கில் ஒரு அணிக்கு 26 ஆட்டம். அவர் போன 2012-13 போர்ச்சுகல் இரண்டாம் டிவிஷனில் 42. நம்ம முதல் டிவிஷனைவிட அவங்க இரண்டாம் டிவிஷன்ல 16 ஆட்டம் அதிகம்.

7/ அதுக்கு முன்னாடி, 2009-ல் இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அவரை எடுக்கத் தயாரா இருந்தது. வேலை அனுமதி கிடைக்கல. அவர் உடம்பைப் பார்த்து மறுக்கல. இந்திய அணி ஃபிஃபா தரவரிசையில் முதல் 70-க்குள் இல்லைன்னு மறுத்தாங்க. 25 வயசுல போக வேண்டியவர் 28-ல் போனார்.

8/ உடம்பு கொடுக்கிற வேலைக்குத் தக்கபடிதான் மாறும். தசை, எலும்பு, பந்து வர்றதுக்கு முன்னாடியே முடிவெடுக்கிற மூளை, எல்லாத்துக்கும் இது பொருந்தும். 10 வயசுல தொடங்க வேண்டிய பயிற்சியை 28-ல் ஈடுகட்டச் சொல்லிட்டு, முடியலைன்னதும் பரம்பரை மேல பழி போடுறோம். பி.டி. பீரியடை கணக்கு பீரியடா மாத்துறதும் நாமதானே?

9/ பையனுக்கு வந்தது ஆஸ்குட் ஷ்லாட்டர். வளர்ற வயசுல ஓடி ஆடுற பிள்ளைகளுக்குத் தொடைத் தசையின் நாண் எலும்புல ஒட்டுற இடம் இழுபட்டு வலிக்கும். பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது தானா சரியாகும். வலி குறையுற வரை ஆட்டத்தைக் குறைக்கணும், தொடைத் தசைக்கான பயிற்சி செய்யணும். ஆட்டத்தையே நிறுத்தத் தேவையில்ல.

10/ அதைத்தான் சீட்டுல எழுதிக் கொடுத்தேன். அப்பா முகத்துல திருப்தி இல்ல. பையன் மட்டும், "எத்தனை நாள் கழிச்சு சார் ஆடலாம்?"னு ரெண்டு தடவை கேட்டான்.

11/ அவன் சேத்ரி ஆவானான்னு தெரியாது, ஆகணும்னும் இல்ல. ஆனா 14 வயசுல அவனை நிறுத்திட்டு, 28 வயசுல "நம்ம உடம்பு வாகு அப்படி"ன்னு யாரும் சொல்லாதீங்க. உங்க வீட்டுலயும் ஒருத்தன் இருந்தா, சாயங்காலம் ஒரு மணி நேரம் விடுங்க.