படிக்கட்டில் விழுந்தவர்கள்

2015 மே மாதம் ‘தீபன்’ கான் விழாவில் தங்கப்பனை வென்ற அன்று நம்மில் யாரும் படத்தைப் பார்த்திருக்கவில்லை. அதனாலென்ன, கொண்டாடிவிட்டோம். ழாக் ஓதியார் என்ற பிரெஞ்சு இயக்குநரின் படம் பாதிக்கு மேல் தமிழ் பேசுகிறது. நாயகன் அல்லைப்பிட்டியில் பிறந்து, பதின்வயதில் புலிகள் இயக்கத்தில் இருந்து, பிறகு பாரிஸில் தஞ்சம் புகுந்த ஷோபாசக்தி. போதாதா?

இதே ஷோபாசக்தி அதற்குச் சில வருடம் முன்பே லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ படத்தின் எழுத்தில் பங்கெடுத்து, நடித்தும் இருந்தார். தனுஷ்கோடி மீனவர்களையும் அங்கே கரையேறும் அகதிகளையும் பற்றிய படம். தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்து, தீர்ப்பாயம் வரை போய் மீண்டது. நம்மில் அதைப் பார்த்தவர்களை ஒரு வேனில் ஏற்றிவிடலாம். பிரான்சிலிருந்து முத்திரை விழுந்த பிறகுதான் அவர் நமக்கு நடிகரானார்.

ஒருவழியாக ‘தீபன்’ பார்த்தோம். இறந்துபோன ஒருவனின் பாஸ்போர்ட்டில், ஒட்டும் உறவும் இல்லாத மூன்று பேர் ஒரு குடும்பமாகக் கிளம்பும் கதை. தஞ்ச விசாரணைக் காட்சியை நாம் திரும்பத் திரும்பப் பேசினோம். மேசைக்கு அந்தப் பக்கம் பிரெஞ்சு அதிகாரி, நடுவில் மொழிபெயர்ப்பாளர், அவரும் தமிழர். தீபன் ஒப்பிக்கும் பொய்க்கதையை அவர் தமிழிலேயே மடக்குகிறார். அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அருமையான காட்சிதான். சென்னைக்காரரான காளீஸ்வரி சீனிவாசனின் நாக்கில் யாழ்ப்பாணத் தமிழ் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக அளந்தோம். அதுவும் தேவைதான்.

அளக்காமல் விட்டது, தீபன் காவல்காரனாக வேலைக்குச் சேரும் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பை. பாரிஸுக்கு வெளியே பொவாஸி நகரின் ஒரு குடியிருப்பில் எடுத்தார்கள். படத்தில் அங்கே இருப்பவர்கள் பெரும்பாலும் அரபு, ஆப்பிரிக்க வம்சாவளியினர். திரையில் அவர்களில் முக்கால்வாசிப் பேர் போதைமருந்து விற்கும் கும்பல். காலையில் வேலைக்குப் போகிறவர், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, அடுப்படியில் நிற்கும் பெண் என்று அங்கே யாரும் கண்ணில் நிற்பதில்லை. புறநகரைப் போர்க்களமாகக் காட்டிவிட்டார்கள் என்று பிரான்சிலேயே கண்டனம் எழுந்தது. நாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நம்மவனைக் கௌரவமாகக் காட்டியிருக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரனை எப்படிக் காட்டினால் நமக்கென்ன?

இத்தனைக்கும் இரண்டு வருடம் முன்புதான், 2013இல், ‘மெட்ராஸ் கஃபே’ ஈழத்தமிழரைத் தப்பாகக் காட்டுகிறது என்று கொதித்தோம். தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் அது வெளியாகவே இல்லை. ஒரு சமூகத்தைத் துப்பாக்கியோடு மட்டும் காட்டினால் எப்படி வலிக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இறுதியில் தீபன் கையில் வெட்டுக்கத்தியோடு புகைக்குள் படியேறியபோது விசிலடிக்காததுதான் குறை. வழியில் விழுந்தவர்களில் ஒருவனுக்காவது பெயர் உண்டா என்று நாம் கேட்கவில்லை.

2019இல் கானில் நடுவர் பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களில் ஒன்று ‘லே மிசராப்ள்’. இயக்குநர் லாஜ் லி மாலி நாட்டுப் பெற்றோருக்குப் பிறந்து, மோன்ஃபெர்மெய் என்ற பாரிஸ் புறநகரில் வளர்ந்தவர். அங்கேயே, 2008இல் தான் கேமராவில் பதிவுசெய்த போலீஸ் அத்துமீறலை மனதில் வைத்துப் படம் எடுத்தார். நம் திரைப்படச் சங்கங்களின் அரட்டையில் ‘தீபன்’ அடிபட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூட அது அடிபடவில்லை. தமிழ் பேசவில்லையே! அதுவும் ஒரு அடுக்குமாடிப் படிக்கட்டுச் சண்டையில்தான் முடிகிறது. ஆனால் மேல்படியில் பெட்ரோல் குண்டோடு நிற்கும் பையனுக்கு இஸா என்று பெயர் இருக்கிறது. அவன் முகம் ஏன் அப்படிச் சிதைந்தது, சுட்டது யார், அதை மூடிமறைக்க யார் யார் ஓடினார்கள் எல்லாம் அதற்குள் பார்வையாளருக்குத் தெரியும்.