ஒண்ணேகால் மணி நேரமாம்!

என் மக லண்டன்ல வேலை பாக்குறா. மாப்பிள்ளைக்கு பாரிஸ்ல வேலை. கல்யாணமாகி ரெண்டு வருசம் ஆகியும் ரெண்டு பேருக்கும் ஒரே ஊர்ல அமையல. மாசத்துல ரெண்டு வெள்ளிக்கிழமை இவ கிளம்பிப் போவா. இப்ப அஞ்சு மாசம் வேற.

"அலையாத கண்ணு"ன்னு போன்ல சொன்னேன். "என்னப்பா அலைச்சல்? பிளைட்ல ஒண்ணேகால் மணி நேரம். கோபியிலிருந்து ஈரோட்டுக்கு பஸ்ல போற நேரம்தான்"னு சிரிக்கறா.

எனக்கு மனசு ஒப்பல. மஞ்சள் கணக்கு எழுதற நோட்டை எடுத்து வெச்சுக்கிட்டு, வீட்டுப் படி இறங்கினதுல இருந்து சொல்லுன்னு கேட்டேன். ஹீத்ரூ ஏர்போர்ட் போக ஒரு மணி நேரம். ரெண்டு மணி நேரம் முன்னாடியே அங்க இருக்கணும். அப்புறம் அந்த ஒண்ணேகால். இறங்கினா பாஸ்போர்ட் வரிசை, முக்கால் மணி நேரம் நின்னாளாம். பாரிஸ் ஏர்போர்ட் ஊருக்குள்ள இல்லீங்க, 25 கிலோமீட்டர் தள்ளி. ரயில் பிடிச்சு ஊருக்குள்ள வர இன்னொரு அரை மணிக்கு மேல. கூட்டினா அஞ்சரை மணி நேரம்!

நாம மஞ்சள் மூட்டைய ஏத்திக்கிட்டு மண்டிக்குப் போற கதைதான். வண்டி ஓடறது ஒரு மணி நேரம், வாசல்ல நிக்கறது அரை நாள். வண்டி வாடகை பேசறவன் ஓடற நேரத்தை மட்டும்தான் சொல்லுவான்.

சரி, ரயில் இருக்குதே? 1994ல இருந்து கடலுக்கு அடியில ஓடுது. சுரங்கம் 50 கிலோமீட்டர், அதுல 38 கடலுக்கு அடியில. லண்டன் செயின்ட் பாங்க்ராஸ்ல ஏறினா ரெண்டே கால் மணி நேரத்துல பாரிஸ் வடக்கு ஸ்டேஷன். ரெண்டும் ஊருக்கு நடுவுல. பிரான்ஸ் போலீஸே லண்டன்ல உக்காந்து பாஸ்போர்ட் பாத்துடறாங்க, அங்க இறங்கினா நேரா வெளிய நடக்கலாம். முன்கூட்டிப் போற நேரத்தையும் சேர்த்து நாலு மணி நேரம். வானத்துல 344 கிலோமீட்டர், தண்டவாளத்துல 490க்கு மேல. சுத்திப் போறவன் முந்திப் போறான்!

இன்னொரு கூத்து. பாரிஸ் கடிகாரம் லண்டனை விட ஒரு மணி நேரம் முன்ன ஓடுது. அதனால திரும்பி வர்ற டிக்கெட்டைப் பாத்தா பிளைட் கால் மணி நேரத்துல வந்துடற மாதிரி இருக்கும். சூரியனைக் கேட்டா ரெண்டு ஊருக்கும் ஒம்போது நிமிசம்தான் வித்தியாசம். 1940ல ஜெர்மன் படை பாரிஸைப் பிடிச்சப்ப பெர்லின் நேரத்துக்கு முள்ளைத் திருப்பி வெச்சாங்க. படை போயிடுச்சு, நேரம் போகல.

2023ல பிரான்ஸ்ல ஒரு சட்டம் வந்துச்சு. ரெண்டரை மணி நேரத்துக்குள்ள ரயில்ல போக முடிஞ்ச ஊருக்கு உள்நாட்டு விமானம் கூடாதுன்னு, பாரிஸ் ஓர்லியிலிருந்து லியோன், நாந்த், போர்தோ ஊர்களுக்கு நிறுத்திட்டாங்க. நல்ல காரியம். ஆனா என்னைக் கேட்டா அது பாதிதான். ரயில் டிக்கெட்டை மலிவாக்காம விமானத்தை மட்டும் நிறுத்தினா அஞ்சும் பத்தும் எண்ணிச் செலவு பண்றவன் என்ன பண்ணுவான்? லண்டன் கதையும் அதுதான். என் மக பிளைட் ஏறறது நேரத்துக்காக இல்ல. கடைசி நேரத்துல எடுத்தா ரயிலுக்குக் காசு அதிகம். ஒண்ணேகால் மணி நேரம்ங்கறது எனக்குச் சொன்ன சமாதானம்.

"நான் தர்றேன் கண்ணு, மஞ்சள் வித்த காசு இருக்குது. எவ்வளவு?"ன்னேன். ரூபாய்ல மாத்திச் சொன்னா. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரல.

வர்ற வெள்ளிக்கிழமை ரயில்லதான் போறா.