பெயரைக் கேள்விக்குறியாக்காதீர்!

மொழியுரிமை சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டால் போதும் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர். 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டுமே அரச கரும மொழியாக்கியது. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரச கரும மொழியாகும் என்றது. 1988இல் பதினாறாவது திருத்தம் இரு மொழிகளையும் நிருவாக மொழிகளாக்கியது. சட்டம் பேசிவிட்டது. ஆனால், இன்று காரியாலயங்களில் நம் பெயரைப் பதிவது பேனா மட்டுமன்று, கணினியுமாகும். கணினி சட்டத்தைப் படிப்பதில்லை. தன்னை வடிவமைத்தவரின் கட்டளையையே படிக்கிறது.

அக்கட்டளையை நாளை இடப்போவோர் யாவர்? பல்கலைக் கழகங்களிலே மென்பொருட் பகுப்பாய்வும், வடிவமைப்பும், தரவுத்தள ஆக்கமும் பயிலும் மாணவரே. ஆதலின் அப்பாடம் கற்பிக்கப்படும் முறை அரசியற் பிரச்சினையுமாகும்.

தரவுகளை அட்டவணைகளாக அமைத்துத் தொடர்புபடுத்தும் முறையை எட்கர் கோட் என்னும் அறிஞர் 1970இல் வெளியிட்டார். அட்டவணையில் ஒவ்வொரு நிரலும் எதை ஏற்கும், எதை மறுக்கும் என்பதை வடிவமைப்பாளரே விதிக்கிறார். மை எஸ்.கியூ.எல். என்னும் தரவுத்தள மென்பொருளை எடுத்துக்கொள்வோம். 2018இல் எட்டாம் பதிப்பு வரும்வரை, வேறு கட்டளை இடாவிடில், அது மேற்கு ஐரோப்பிய எழுத்துக்களையே ஏற்றது. அத்தகைய நிரலில் 'இராசம்மா' என்று எழுதினால், பதிவு மறுக்கப்படும். அன்றேல் வெறும் கேள்விக்குறிகளே எஞ்சும். அவ்வாறு அழிந்த பெயரை அப்பதிவிலிருந்து மீட்கவும் இயலாது. யூனிக்கோட் குறியீட்டிலோ 1991 முதலே தமிழுக்கு இடமுண்டு. எனவே குறை கருவியிலன்று, கருத்திலேயே.

இன்னுஞ் சில உள. குறியீட்டெண்படி வரிசைப்படுத்தினால் 'ந'வை அடுத்து 'ன' வந்து நிற்கும். நமது நெடுங்கணக்கிலோ 'ன' இறுதி மெய். தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொள்ளும் குடும்பத்தாரிடம் 'குடும்பப் பெயர்' கட்டாயமாகக் கேட்கப்பட்டால் அவர் எதை எழுதுவார்? ஒரு பத்திரத்தில் ஒரு பெயரும் மற்றதில் வேறொரு பெயருமானால், காணி உறுதிக்கும் ஓய்வூதியத்திற்கும் அலைவது அந்த ஏழையே.

இவை யாவும் பகைமையால் விளைந்தவை என்று நாம் குற்றஞ் சாட்டவில்லை. கேளாமையாலும் விளையக்கூடியவை இவை. பகுப்பாய்வு என்பதோ, கட்டுவதற்கு முன் கேட்டறிதலேயாம். கட்சிக்காரனை விசாரியாது வழக்குரை வரையும் சட்டத்தரணியை எவர் மதிப்பர்?

நாம் வேண்டுவன மூன்று. மாணவர் பிரதேச செயலகத்து வரிசையில் நிற்கும் மக்களிடம் சென்று தேவைகளை அறிய வேண்டும். தமிழ், சிங்களப் பெயர்களைப் பதிந்து, தேடி, வரிசைப்படுத்தி, அச்சிட்டுக் காட்டாத எந்த மாணவர் திட்டமும் தேறியதாகக் கொள்ளப்படலாகாது. அரசாங்கம் வாங்கும் ஒவ்வொரு மென்பொருளின் ஒப்பந்தத்திலும் அதே சோதனை நிபந்தனையாதல் வேண்டும்.

உரிமையைச் சட்டத்தில் எழுதுவிக்க ஒரு தலைமுறை போராடியது. அதை அட்டவணையில் எழுதுவது அடுத்த தலைமுறையின் கடன். மாணவர்காள், அக்கடனை மறவாதீர்!