உம்மம்மாவிடம் கேட்டு எழுதிய கொப்பி



புத்தளப் பகுதிப் பாடசாலை ஒன்றில் ஏழாம் தரப் பிள்ளைகளுக்கு நான் இஸ்லாம் பாடம் கற்பித்து வருகிறேன். பெரியோருக்குச் செய்ய வேண்டிய கடமைகள் என்றொரு பாடம் வரும். பிள்ளைகள் குறிப்பெழுதுவார்கள், பரீட்சையில் அதை அப்படியே திருப்பித் தருவார்கள். வீட்டுக்குப் போனால் மூலையில் சாய்மனைக் கதிரையில் இருக்கும் அப்பாவுக்கு ஸலாம்கூடச் சொல்ல மாட்டார்கள். இது எனக்கு நீண்ட நாள் மனக்குறை.

கடந்த வருடம் ஒரு தவணைக்கு வேறொரு வழியை முயன்று பார்த்தேன். ஆளுக்கொரு சீ.ஆர். கொப்பி வாங்கி வரச் சொன்னேன். வாப்பும்மா, உம்மம்மா, அப்பா என வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரோடு வாரம் ஒரு நாள் உட்கார வேண்டும். அவர் தரும் சிறு பொருள் ஏதாவது ஒன்றை இடது பக்கத்தில் ஒட்டி, அதைப் பற்றி அவர் சொல்வதை அவர் வாய்மொழியிலேயே வலது பக்கத்தில் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் இதை ஸ்க்ராப் புக் என்பார்கள். நாங்கள் ஒட்டுக்கொப்பி என்றே பெயர் வைத்துக் கொண்டோம்.

முதல் கிழமை வந்தவற்றில் பழைய தபால் முத்திரை இருந்தது, சாரன் துண்டொன்று இருந்தது, வட்டிலப்பத்தின் அளவு இருந்தது. ஒரு மாணவி மட்டும் முடிச்சுப் போட்ட நூல் ஒன்றை ஒட்டியிருந்தாள். அவளுடைய உம்மா சவூதியில் வீட்டு வேலைக்குப் போனவர். வளர்த்ததெல்லாம் உம்மம்மாதான். பெருநாளுக்குச் சட்டை அனுப்ப உம்மா அளவு கேட்பாராம். உம்மம்மாவுக்கு நாடா அளவு தெரியாது. பிள்ளையின் தோள் முதல் முழங்கால் வரை நூலைப் பிடித்து முடிச்சிட்டு, அந்த நூலையே கடிதத்தில் வைத்து அனுப்பி விடுவாராம். ஒவ்வொரு தடவையும் அதே அளவில் இன்னொரு நூலை வெட்டித் தன் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார். ஐந்து நூல்கள். பிள்ளைக்கு இது அன்றுவரை தெரியாது.

ஒரு மாணவன் வெறுங்கொப்பியோடு வந்தான்.

"எங்கட வீட்டில ஒட்ட ஒண்டும் இல்ல மௌலவி. உம்மம்மா வெறுங்கையோடதான் வந்தவவாம்."

அவர்கள் மன்னார்த் தீவைச் சேர்ந்தவர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள். அப்போது அவனுடைய உம்மாவுக்கு எட்டு வயது. பொருள் இல்லாவிட்டால் வீட்டின் படத்தை வரையச் சொல் என்றேன். உம்மம்மா சொல்லச் சொல்ல நீ கோடு போடு, அவர் அழி என்றால் அழி.

அடுத்த கிழமை கொப்பியைப் பார்த்தேன். திண்ணை, குசினி, ஓலை வேலி, வேலிக்கு அப்பால் பள்ளிவாசலுக்குப் போகும் ஒழுங்கை. கிணற்றை மட்டும் இரண்டு இடத்தில் வரைந்திருந்தான். "ஏனடா இரண்டு கிணறு?" என்றேன். குசினிக்குப் பின்னால் என்கிறாராம் உம்மம்மா, வேப்பமரத்தடியில் என்கிறாராம் உம்மா. யுத்தம் முடிந்த பிறகு உம்மா ஒரு முறை போய்ப் பார்த்தாராம். வளவு முழுக்கப் பற்றைக்காடு, கிணறு கண்ணில் படவில்லை. தாயும் மகளும் முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே கூரையின் கீழ் வாழ்கிறார்கள். இந்தப் பையன் பென்சிலோடு உட்கார்ந்த பிறகுதான் அந்த வளவைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்து பேசியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கத்தில் உம்மம்மா தன் தாயாரின் பெயரை அரபுத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தார். குர்ஆன் ஓதத் தெரிந்த பையன் எழுத்துக் கூட்டி வாசிக்கிறான், வருவதோ தமிழ்! அரபியில் இல்லாத ஒலிகளுக்கு எழுத்தில் மேலும் கீழும் புள்ளி சேர்த்து முன்னோர் தமிழை எழுதியதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அன்று எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இப்போது வகுப்பே அந்தக் கொப்பியைச் சுற்றி நின்றது.

"டியூஷனுக்கே நேரமில்லை, இதெல்லாம் எதற்கு?" என்று பெற்றோர் சிலர் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்கள் தம் மகள் ஸைனபின் குழந்தை உமாமாவைச் சுமந்தபடியே தொழுதார்கள், ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக் கொண்டார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. தொழுகையில் இடம் கிடைத்த பேத்திக்கு எமது நேர அட்டவணையில் கிழமைக்கு அரை மணித்தியாலம் கிடைக்காதா?

புகைப்படம் ஒட்டலாமா என்று இன்னொருவர் கேட்டார். உலமாக்களிடையே கருத்து வேறுபாடுள்ள விடயம், அதை நான் இங்கே இழுக்கவில்லை. படம் எடுப்பதை விரும்பாத மூத்தம்மாமார் எமது ஊர்களில் பலர். அவர்களை வற்புறுத்தாதீர்கள். தாளில் கையை வைத்து, பேரப்பிள்ளை அதைச் சுற்றிக் கோடு இழுத்தால் போதும். நானும் அந்தத் தவணையில் பல கைகளைப் பார்த்துவிட்டேன்.

செய்ய நினைப்பவர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில விடயங்கள். செலோடேப் போடாதீர்கள், சில வருடங்களில் மஞ்சளாகித் தாளையும் கறையாக்கி விடும். கடற்கரை ஊர்களில் ஸ்டேப்ளர் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், ஊசி நூலால் தைப்பது நல்லது. இப்போதைய கடைப் பற்றுச்சீட்டுகளில் எழுத்து மங்கிவிடும், அவற்றிலுள்ளதைக் கையால் பார்த்து எழுதுங்கள். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் போன்றவற்றின் மூலப் பிரதியை ஒருபோதும் ஒட்ட வேண்டாம், போட்டோப் பிரதி போதும். பிள்ளை எழுதுவதை நீங்கள் திருத்தாதீர்கள். உம்மம்மா "ஒண்டு" என்றால் அங்கே "ஒண்டு" என்றே இருக்கட்டும்.

இதை எழுதும் எனக்கும் ஒரு குறை உண்டு. அரபுக் கல்லூரியில் ஏழு வருடம் ஓதிய காலத்தில், உம்மாவின் வாப்பா எனக்கு மாதம் தவறாமல் கடிதம் போடுவார். மழை பெய்ததா, ஆடு குட்டி போட்டதா, ஊரில் யார் மௌத்தானார் என்று எல்லாம் இருக்கும். பட்டம் பெற்று விடுதியைக் காலி செய்த அன்று கிதாபுகளை மட்டும் கவனமாகக் கட்டினேன். கடிதக் கட்டைக் குப்பையோடு எரித்தவன் நானேதான். அவருடைய கையெழுத்தில் ஒரு வரிகூட இன்று என்னிடம் இல்லை.

மன்னார்ப் பையனின் கொப்பியில் ஒரு பக்கத்தில் "நாங்கள் வந்த நாள்" என்று தலைப்பு மட்டும் இருக்கிறது. கேட்டபோது உம்மம்மா, "அத விடு மகன்" என்று எழும்பிப் போய்விட்டாராம். புள்ளி குறையுமா என்று பயந்து கேட்டான். குறையாது, பக்கத்தைக் கிழிக்காதே, மறுபடி கேட்கவும் வேண்டாம் என்றேன். இரண்டு கிழமை கழித்து உம்மம்மாவே கொப்பியைக் கேட்டு வாங்கி, அந்தப் பக்கத்தைத் தாண்டிப் புரட்டி, பனையோலையில் பெட்டி இழைக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். இழைத்த துண்டும் அங்கே தைக்கப்பட்டிருக்கிறது.

தவணை முடிந்து புள்ளியும் போட்டாயிற்று. அவர்கள் இன்னும் எழுதிக் கொண்டிருக்கிறார்கள். கிணறு எந்தப் பக்கம் என்பது மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.