ஏலச் செடியும் இளம் பொறியாளனும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியிலே அமைந்த நகரம் போடிநாயக்கனூர். வைகறைப் பொழுதில் அந்நகரத் தெருவில் நிற்போர், தொழிலாளரை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுச் சாலையில் விரையும் ஜீப் வண்டிகளைக் காண்பர். அவை செல்வது ஏலத் தோட்டங்களுக்கு. அம்மலைச் சரிவிலே ஏலம் வளரும் முறை இளைஞர்க்கு ஓர் அரிய பாடமாகும்.

ஏலச் செடி வெட்டவெளியில் வளர்வதன்று. ஓங்கிய மரங்களின் நிழலிலே வளர்வது. கடுவெயில் பட்டால் அதன் இலை கருகும். ஆயினும், நிழல் அளவுக்கு மிஞ்சினாலோ அது நன்கு காய்ப்பதில்லை. ஆதலின், மழைக்காலம் தொடங்குமுன் தோட்டத்தார் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து, அளவாக ஒளி புக வழி செய்கின்றனர்.

போடியில் 2012-ஆம் ஆண்டில் அரசினர் பொறியியற் கல்லூரி தோன்றியது. ஏலக்காய் பறிக்கும் கைகள் வளர்த்த பிள்ளைகளும் இன்று பொறியாளராகின்றனர். என்பால் தமிழ் பயின்ற மாணவன் ஒருவன், வேலையில் அமர்ந்த இரண்டு திங்களில் என்னைக் காண வந்தான். "ஐயா, உடன் பணிபுரிவோர் அனைவரும் பேரறிவினர்; அன்பும் உடையவர். அதனாலேயே அஞ்சுகின்றேன். தெரியாததைக் கேட்டால் என்னை எளியவனாக எண்ணிவிடுவரோ என்று வாய் திறவாதிருக்கின்றேன்" என்றான். ஒரு பாலத்தின் கணக்கில் ஐயம் தோன்றியும் கேளாது விட்டதையும், மறுநாள் மூத்தவர் ஒருவர் தாமே பிழையைக் கண்டு திருத்தியதையும் தலைகுனிந்து கூறினான்.

அவனது வாளாமை அடக்கமன்று. அடக்கம் போலத் தோன்றும் நாணமே அது. கட்டுரையில் பிழை நேர்ந்தால் ஆசிரியர் சிவப்பு மையால் திருத்திவிடுவார். பாலத்தில் பிழை நேர்ந்தால் எந்த மையால் திருத்துவது? அறியாமை இழிவன்று, அதனை ஒளிப்பதே இழிவு.

அறிவுடைத் தோழரோடு தொழில் தொடங்கியோர் எவ்வாறு உயர்ந்தனர் என்பதற்குத் தும்பா ஒரு சான்று. கேரளக் கடற்கரையிலுள்ள அச்சிற்றூரில் விக்கிரம் சாராபாய் இளம் பொறியாளர் சிலரை ஒன்று சேர்த்தார். இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாமும், அரவமுதன், ஈசுவரதாசு போன்றோரும் அக்குழுவில் இருந்தனர். மாதா கோயில் ஒன்றே அவர்தம் அலுவலகம். 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள், அவர்கள் முதல் ராக்கெட்டை ஏவ முனைந்தனர். அதனை ஏவுமேடையில் ஏற்றுங்கால் பாரந்தூக்கியில் கசிவு ஏற்பட்டது. எல்லாரும் ஒருங்கே தோள்கொடுத்துத் தூக்கி நிறுத்தினர் எனக் கலாம் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அன்று மாலை அது விண்ணில் எழுந்தது. தனித்தனியே ஒவ்வொருவரும் ஒரு துறை அறிந்தவர். எல்லாம் அறிந்தவர் அவருள் எவரும் இலர். ஒருவர் அறிவை மற்றவர் கேட்டுப் பெற்றமையாலன்றோ செயல் கைகூடியது?

எடுத்ததற்கெல்லாம் கேட்டால் மூத்தோர்க்குத் தொல்லையாகாதோ எனச் சிலர் வினவலாம். உண்மையே. முதலில் தானே முயலவேண்டும், எவ்விடத்தில் தடைப்பட்டோம் என்பதைக் குறித்துக்கொள்ளவேண்டும், அதன்பின் கேட்கவேண்டும். அவ்வாறு கேட்கும் வினாவை எந்த நல்லறிஞரும் வெறுப்பதில்லை.

மற்றொன்றும் உண்டு. மூத்தவர் கணக்கிலும் பிழை நேரலாம். அன்புடையவராயிற்றே என்று அதனைச் சுட்டாது விடுதல், மிகை நிழலில் செடி காய்க்காது நிற்பதை ஒக்கும். பணிவான சொல்லால் பிழையைச் சுட்டுவதே நட்புக்குச் செய்யும் நன்றி.

இவற்றைக் கேட்ட அவ்விளைஞன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்பு, "நாளையே அவரிடம் சென்று, எனக்கு முன்னரே ஐயம் தோன்றியதைச் சொல்லிவிடுகின்றேன், ஐயா" என்று வணங்கி விடைபெற்றான்.

மாணவர்களே! நாளை நீங்களும் அறிஞர் பலரிடையே பணியில் அமர்வீர்கள். அவர்தம் நிழலை நாடுங்கள். ஆனால், ஒளி புகும் வழியை அடைத்துவிடாதீர்கள்.