பளிங்குத் தண்ணீரில் பட்டினி

ஆனைமலையில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் பையன் ஆழியாற்றுச் சிப்பி ஒன்றை மீன் தொட்டியில் விட்டிருந்தான். "தண்ணியைப் பளிங்காட்டம் வெச்சிருக்கறேனுங்க, மாமா!" என்றான் பெருமையாக.

ஆபத்தே அதுதான்! சிப்பி தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் நுண்பாசியை வடிகட்டித் தின்னும் பிராணி. சுத்தமான தண்ணீர் என்றால் அதற்குப் பட்டினி. லட்சத்தீவுக் கடலிலுள்ள ராட்சதச் சிப்பிக்காவது, உடம்புக்குள் குடியிருக்கும் பாசி வெயிலைக் கொண்டு சமைத்துப் போடுகிறது. ஆற்றுச் சிப்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மணலுக்குள் செத்தால் வெளியே தெரியாது. அழுகி, மீன்களையும் சாகடித்துவிடும்.

வளர்க்கத்தான் வேண்டுமென்றால், சிப்பி புதையுமளவு மணல் போடுங்கள். வெயிலில் வைத்துப் பச்சையேறிய தண்ணீரை அடிக்கடி ஊற்றுங்கள். தொட்டும் ஓட்டை மூடாவிட்டால் உடனே எடுத்துவிடுங்கள்.

"பாவமுங்க!" என்றான் பையன். மாலையில் மூவரும் ஆற்றங்கரைக்கு நடந்தோம், சிப்பியோடு.